ஓர் அறை, இரண்டு காலம்: ஒரு மாணவர் குறும்படத்தின் அரங்க அமைப்பும் இடத்தேர்வும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குறும்படம் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடுவது. வானொலிப் பெட்டிகளையும் டேப் ரிக்கார்டர்களையும் பழுதுபார்த்து வாழும் ஒருவர், மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒற்றை அறையில் தன் சிறு மகளோடு வசிக்கிறார், இது 2003. அவர் இறந்தபின், 2023இல், வளர்ந்துவிட்ட மகள் அந்த அறையைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வருகிறாள். கதை இவ்வளவுதான். நடிகர்கள் மூவர். அறை, மாடிப்படி, பழுதுபார்க்கும் மேசை என நிகழிடங்களும் மூன்றே. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் படத்தில் கலைக்குழுவுக்கு வாய்த்த வேலை எளிதானதாக இருக்கவில்லை. ஒரே அறையை இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை காட்ட வேண்டும். பார்ப்பவர் எந்த எழுத்துக்குறிப்பும் இல்லாமல் அது அதே அறைதான் என்று நம்ப வேண்டும்.

திரைக்கதையில் அறையைப் பற்றி இருந்தது ஒரே வரி: பழைய அறை, பகல். பழையது என்றால் எவ்வளவு பழையது, யார் கைபட்டுப் பழையதானது, எந்த மூலையில் அதிகம் புழங்கினார்கள் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டிய அவசியமும் இல்லை. அரங்கம் அமைப்பவரின் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். படம் காட்டாத அந்த இருபது ஆண்டுகளில் அறைக்குள் என்ன நடந்தது என்பதை மரம் அறுப்பதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். இந்தக் குழு அதைச் செய்தது. பின்னால் வந்த இக்கட்டுகள் பலவற்றைத் தாண்ட முடிந்ததற்கு அதுவே காரணம்.

கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற மாணவி, திரைக்கதையைக் காட்சிவாரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டபோது, வழக்கமான பத்திகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். காட்சி எண், உள்ளா வெளியா, பகலா இரவா, நடிகர் கையாளும் பொருட்கள், அறையில் கிடக்கும் பொருட்கள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், இந்தப் பொருள் அடுத்த காலத்தில் எங்கே என்று ஒரு பத்தி. மேசை 2003இல் சன்னலருகே இருக்கிறது. 2023இலும் அங்கேயே இருக்கிறது. தொட்டில் போன்ற சிறு கட்டில் 2003இல் இருக்கிறது. 2023இல் இல்லை, ஆனால் அதன் கால்கள் தரையில் பதித்த நான்கு தடங்கள் இருக்கின்றன. சுவரில் மாட்டிய புகைப்படம் இரண்டு காலத்திலும் அதே ஆணியில் தொங்குகிறது. கடைசிக் காட்சியில் மகள் அதைக் கழற்றும்போது, வெளுத்துப்போன சுவரில் அந்தச் சட்டத்தின் அளவுக்கு மட்டும் பழைய நிறம் மாறாமல் தெரிகிறது. திரைக்கதையில் இந்த வெளிறாத நீள்சதுரம் கிடையாது. பட்டியல் போடும்போது தோன்றியதை இயக்குநர் கேட்டு, படத்தின் முடிவுக் காட்சியாகவே ஏற்றுக்கொண்டார்.

உண்மை அறையா, செட்டா?

முதலில் பார்த்த இடம் ஓர் உண்மையான மாடிக் குடியிருப்பு. படிகளும் கைப்பிடிச் சுவரும் மேற்குப் பார்த்த சன்னலும் கதைக்காகவே கட்டியதுபோல இருந்தன. அறையும் கண்ணுக்குப் பிடித்திருந்தது. இடம் பார்க்கப் போகும்போது கலைக்குழு மட்டும் போகாமல் ஒளிப்பதிவாளரையும் ஒலிப்பதிவாளரையும் அழைத்துப் போனதுதான் இங்கே நல்லதாகப் போயிற்று. இடத்தின் அழகைக் கடைசியாகப் பார்ப்பது என்ற பழக்கம் மாணவர் குழுக்களுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறையின் அளவு 3 மீட்டருக்கு 3.3 மீட்டர். முக்காலி விரித்து நிறுத்தினால் சுவரிலிருந்து கேமரா அரை மீட்டருக்கு மேல் முன்னே வந்துவிடும். எதிர்ச் சுவருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 2.4 மீட்டர். குழுவிடம் இருந்த கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பதியும் பரப்பு, 24 மில்லிமீட்டர் அகலம். 35 மில்லிமீட்டர் லென்ஸில், அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் அமைந்த சட்டகத்தில், நிற்கும் ஒருவரைத் தலைக்கு மேல் சிறிது இடம் விட்டு முழு உருவமாகக் காட்ட வேண்டுமானால், 1.9 மீட்டர் உயரம் சட்டகத்துக்குள் அடங்க வேண்டும். அதற்குக் கேமரா ஏறத்தாழ 4.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அந்த அறையில் அது நடக்காது. 16 மில்லிமீட்டர் போன்ற அகல லென்ஸைப் போட்டால் அறை அடங்கும், ஆனால் விளிம்பில் நிற்பவரின் முகமும் தோளும் இழுபட்டுத் தெரியும். தந்தையும் மகளும் அமைதியாக அமர்ந்திருக்கும் படத்துக்கு அது பொருந்தாது.

ஒலிப்பதிவாளர் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தார். வெற்றுச் சுவர்களில் ஓசை சிதறித் திரும்பியது. அதைத் துணியும் போர்வையும் தொங்கவிட்டுக் குறைத்துவிடலாம். கீழ்த்தளத்தில் இருந்த நீரேற்றும் மோட்டாரின் இரைச்சலை அப்படிக் குறைக்க முடியாது. அதை நிறுத்தச் சொல்லும் உரிமையும் குழுவுக்கு இல்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. சுவரை வெளுக்க வைப்பதும் தரையில் தடம் பதிப்பதும் கதையின் உயிர். அடுத்தவர் வீட்டில் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

ஆகவே மாடிப்படியையும் வாசற்கதவின் வெளிப்புறத்தையும் உண்மையான இடத்தில் எடுப்பது, அறையைக் கல்வி நிறுவனத்தின் ஒத்திகைக் கூடத்தில் செட்டாகப் போடுவது, பழுதுபார்க்கும் மேசையின் நெருக்கக் காட்சிகளை அதே கூடத்தின் ஒரு மூலையில் எடுப்பது என்று முடிவாயிற்று.

சுவர்கள்

ப்ளைவுட் பலகை 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவில் கிடைக்கிறது. கதைக்கு ஏற்ற அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நீண்ட விவாதம் நடந்தாலும், கடைசியில் 4.8 மீட்டருக்கு 3.6 மீட்டர் என்று நிறுத்தியதற்குக் காரணம் இந்தப் பலகைதான். நீளச் சுவருக்கு நான்கு, இரண்டு பக்கச் சுவர்களுக்கு மும்மூன்று எனப் பத்துப் பலகைகளில், கதவுக்கும் சன்னலுக்கும் வெட்டியது போக, எதையும் வீணாக்காமல் மூன்று சுவர் எழுந்துவிடும். நான்காவது சுவர் வேண்டாம். அந்தப் பக்கம்தான் கேமராவுக்கு. பக்கச் சுவர்களில் ஒன்றைத் தனியாகக் கழற்றி நகர்த்தும்படி போல்ட் போட்டு இணைத்தார்கள். மேசையில் வேலை செய்யும் தந்தையைப் பக்கவாட்டில் எடுத்தபோது அந்தச் சுவர் வெளியே போனது.

ரீப்பர் சட்டம் அடித்து, அதன்மேல் பலகை பொருத்தி, பின்புறம் முக்கோணமாக முட்டுக்கொடுத்து, முட்டின் அடியில் மணல் மூட்டை வைத்தார்கள். கதவுச் சட்டத்துக்கு மட்டும் தனி முட்டு. கதவை அறைந்து சாத்தும்போது சுவர் முழுவதும் அதிர்ந்தால், அது வெறும் பலகை என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். கதவு, சன்னல் திறப்புகளின் விளிம்பிலும் இதே ஆபத்து உண்டு. உண்மையான செங்கல் சுவர் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் கனம். ப்ளைவுட் ஓரிரண்டு சென்டிமீட்டர்தான். எனவே திறப்புகளின் உட்பக்கத்தில் அந்தக் கனத்துக்குப் பெட்டிபோல் பலகை அடித்து, அதன்மேலும் பட்டி பார்த்துப் பூசினார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் மாணவர் படங்களில் செட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

உயரத்தில் ஒரு சிக்கல் வரைபடத்திலேயே பிடிபட்டது. கேமரா 1.2 மீட்டர் உயரத்தில், நடிகரிடமிருந்து 4.9 மீட்டர் தள்ளி, நடிகருக்குப் பின்னால் 1.5 மீட்டரில் சுவர் என்று வைத்தால், அந்தச் சுவரில் கேமரா பார்க்கும் மேல் எல்லை தரையிலிருந்து 2.43 மீட்டர். சுவரோ 2.4 மீட்டர். மூன்று சென்டிமீட்டருக்குக் கூடத்தின் கூரை தெரியும். சுவரின் உச்சியில் 30 சென்டிமீட்டர் பட்டை ஒன்றை ஒட்டி, கீழே நீண்ட மரத்தட்டு ஒன்றை ஓட விட்டு, அந்த இணைப்பு தெரியாமல் செய்தார்கள். தட்டில் பழைய வானொலிப் பெட்டிகள் ஏறின. செட் முழுவதற்கும் கூரை போடவில்லை. விளக்குகளை மேலே கட்ட அந்தத் திறப்பு தேவைப்பட்டது.

நிறம் குறித்துக் கலைக்குழுவும் ஒளிப்பதிவாளரும் கருத்து வேறுபட்டார்கள். எளிய குடும்பத்தின் சுவர் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பது இயக்குநரின் கற்பனை. வெள்ளைச் சுவர் முகத்தைவிட அதிக ஒளியைத் திருப்பியனுப்பும். சன்னல் வெளிச்சம் பட்டால் விவரமின்றி வெளுத்துவிடும். அதன்மேல் இன்னும் வெளுத்த காலத்தைக் காட்டுவதற்கு இடமே இருக்காது. மங்கிய பச்சையில் மூன்று சாயல்களைச் சிறு பலகைகளில் பூசி, படப்பிடிப்புக்கான அதே விளக்கொளியில் நடிகரை அருகே நிறுத்திக் கேமராவில் பார்த்தபின், நடுச்சாயல் தேர்வானது. பளபளப்பில்லாத பெயின்ட் என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை.

கதவு

இந்தப் படத்தின் கலைப்பணியில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டுமானால் நான் கதவைத்தான் சொல்வேன். மகள் படியேறி வந்து கதவைத் திறப்பது உண்மையான குடியிருப்பில். உள்ளே காலெடுத்து வைப்பது கூடத்தில் போட்ட செட்டில். இரண்டுக்கும் நடுவில் படத்தில், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் ஒரு வெட்டு மட்டுமே. இரண்டு இடங்களையும் ஒன்றாக்கும் பொறுப்பு முழுவதும் அந்தக் கதவின்மேல் விழுந்தது.

உண்மையான கதவை அளவுநாடாவோடு சேர்த்துப் படமெடுத்தார்கள். கீல் எந்தப் பக்கம், கதவு உள்ளே திறக்கிறதா வெளியேயா, தாழ்ப்பாள் எந்த உயரத்தில், கைபட்டுப் பெயின்ட் தேய்ந்த இடம் எவ்வளவு அகலம், வாசற்படியின் மரம் எந்த நிறம் என ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டது. நிறத்தைப் புகைப்படத்தை நம்பி முடிவுசெய்யாமல், பெயின்ட் அட்டைகளைக் கதவின்மேலேயே வைத்துப் பகலொளியில் ஒப்பிட்டார்கள். செட்டின் கதவு அதன்படி செய்யப்பட்டது.

கதவு திறந்ததும் பின்னால் தெரிவது என்ன என்ற கேள்விக்கு எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. குடியிருப்பில் கதவைத் திறந்தால் அங்குள்ளவர்களின் வீடு தெரியும். அதனால் செட்டின் சுவர்ப் பலகை ஒன்றைக் கழற்றி, தட்டோடும் அதன்மேல் இருந்த பொருட்களோடும் படப்பிடிப்பு நாளில் அங்கே கொண்டுபோய், கதவுக்கு உள்ளே ஒன்றரை மீட்டரில் நிறுத்தினார்கள். மகளின் தோளுக்கு மேலாகத் தெரிவது அந்த ஒரு பலகைதான். கூடத்தில் இதற்கு எதிர்வேலை நடந்தது: செட்டின் கதவுக்கு வெளியே, மாடிப்படிச் சுவரின் நிறத்தில் ஒரு பலகையும் கைப்பிடிச் சுவரின் ஒரு துண்டும் நின்றன.

ஒளியும் ஒத்துப்போக வேண்டும். படிக்கட்டின் மேற்குச் சன்னல் வழியாக மாலை வெயில் விழுகிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், படியில் விழும் வெயில் திட்டு ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்காது. படப்பிடிப்புக்குத் தேர்ந்த நேரத்தில் முன்கூட்டியே போய், 1 மீட்டர் குச்சியை நிறுத்தி நிழலை அளந்தார்கள், நிழல் 1.73 மீட்டர் இருந்தபோது வெயிலின் சாய்வு 30 பாகை. செட்டில் சன்னலுக்கு வெளியே 3 மீட்டர் தள்ளி, சன்னல் விளிம்பைவிட 1.73 மீட்டர் உயரத்தில் விளக்கை வைத்தால் அதே சாய்வு கிடைக்கும். இதற்காகவே செட்டைக் கூடத்தின் சுவரோடு ஒட்டிப் போடாமல் சன்னல் பக்கத்தில் நான்கு மீட்டர் விட்டிருந்தார்கள். மற்ற பக்கங்களிலும் ஆள் தடையின்றி நடந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மரமும் துணியும் சூடான விளக்கும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அவசர வழியை மறிப்பது மன்னிக்க முடியாத செயல்.

2003இன் மாடிப்படிக் காட்சிக்கு வழி கிடைக்கவில்லை. உண்மையான கதவு பழையது. அதைப் புதிதாக்கிக் காட்டப் பெயின்ட் அடிக்க எழுத்து மூலமான அனுமதியில் இடமில்லை. தாள் ஒட்டிப் பார்த்தார்கள், செயற்கையாகத் தெரிந்தது. கலை இயக்குநர் இயக்குநரிடம் காட்சியையே மாற்றக் கேட்டார்: 2003இல் அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும்; சிறுமி ஓடி உள்ளே போவாள்; கேமரா கதவின் விளிம்பை மட்டும் பார்க்கும். மூடிய கதவு 2023இல்தான் முதன்முதலாகத் தெரியும். தடையிலிருந்து பிறந்த இந்த மாற்றம் கதைக்கு ஒரு பொருளையும் கொடுத்தது.

இருபது ஆண்டுகளை ஏற்றுதல்

தந்தையாக நடித்தவருக்கும் வளர்ந்த மகளாக நடித்தவருக்கும் கிடைத்த தேதிகளைப் பார்த்து, உதவி இயக்குநர் 2023 காட்சிகளை முதலில் எடுக்கத் திட்டமிட்டிருந்தார். கலைக்குழு மறுத்தது. சுவரைப் பழையதாக்கலாம், பழையதாக்கிய சுவரைத் திரும்பப் புதிதாக்குவது என்றால் மீண்டும் பூசி, காய வைத்து, பொருட்களை அதே இடங்களில் வைக்க வேண்டும். மேலும் புகைப்படத்துக்குப் பின்னால் தெரிய வேண்டிய பழைய நிறம், 2003இன் சுவராகவே இருந்தால்தான் உண்மையாக இருக்கும். தேதிகளை மாற்றப் பேசுவது சங்கடமான வேலை, ஆனாலும் மாற்றினார்கள். காலவரிசைப்படி எடுப்பது எல்லாப் படங்களுக்கும் தேவையில்லை என்றாலும், சுவரே கதை சொல்லும் படத்தில் கால அட்டவணையைச் சுவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

2003 காட்சிகள் முடிந்ததும் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுத்து, சுவரிலும் தரையிலும் ஒட்டுநாடாவால் குறித்தார்கள். புகைப்படச் சட்டம் இருந்த இடத்தை அதே அளவுத் தாளால் மூடினார்கள். பிறகு, மஞ்சளும் பழுப்பும் கலந்த பெயின்டை மிக நீர்க்கக் கரைத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஏற்றினார்கள். ஒரே சீராக ஏற்றினால் அது பழமையாகத் தெரியாது. சன்னலுக்கு எதிர்ச்சுவர் அதிகம் வெளுத்தது. கட்டில் இருந்த பக்கத்தில் தலை சாய்ந்த உயரத்தில் எண்ணெய்க் கறை வந்தது. மின்விசைப் பொத்தானைச் சுற்றி விரல்பட்ட அழுக்கு வந்தது. மேசைக்கு மேலே, ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகை இருபது ஆண்டுகள் படிந்தால் எப்படி இருக்குமோ அப்படி மெல்லிய கருமை மேல்நோக்கி விரிந்தது. கையால் வேலை செய்து வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி எந்த வசனமும் சொல்லாததை அந்தக் கருமை சொல்கிறது. தூசிக்கு முல்தானி மட்டியைச் சலித்துத் தூவினார்கள். நடிகர்களும் குழுவினரும் அதைச் சுவாசிக்காதபடி தூவும்போது முகக்கவசம் அணிந்து, படிந்தபின்னரே அறைக்குள் ஆட்களை விட்டார்கள்.

பொருட்களில் விளக்கு முதலில் வருகிறது. 2003இல் தொங்கியது சாதாரணக் குண்டுபல்பு. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் அது ஏறத்தாழ 2700, மஞ்சள் சாய்ந்தது. 2023இல் அதே ஹோல்டரில் வெள்ளை எல்இடி. அறையின் காலம் மாறியதை அது ஒரு வார்த்தையும் இல்லாமல் உணர்த்திவிடுகிறது. நாட்காட்டிக்கும் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். 2003, 2014, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேதியும் கிழமையும் ஒன்றாகவே வரும் என்பதால், கிடைத்த 2014 நாட்காட்டியில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி அச்சிட்டு ஒட்டினார்கள். கேமரா நெருங்காத தூரத்தில் தொங்கியதால் சிற்றெழுத்துகளைப் பற்றிக் கவலை இல்லை. சுவர்ப் புகைப்படத்தைப் படப்பிடிப்புக்கு வெகுமுன்பே எடுத்தாக வேண்டியிருந்தது. தந்தையாகவும் சிறுமியாகவும் நடித்தவர்களை உடை அணிவித்து எடுத்த படத்தை அச்சிட்டு, ஒரு பிரதியை வெயிலில் வைத்து வெளிற வைத்தார்கள். யாரோ எடுத்த படத்தையோ ஓவியத்தையோ சுவரில் மாட்டினால் அதற்கும் உரிமை கேட்க வேண்டும் என்பதால் இது எளிய வழியும்கூட. பெட்டிகளின்மேல் இருந்த நிறுவனப் பெயர்களையும் இதே காரணத்தால் மறைத்தார்கள். கழற்றிய பாகங்கள் பரப்பிய மேசைக்கு மட்டும், ஒவ்வொரு டேக்குக்குப் பின்னும், அதாவது ஒரே ஷாட்டை ஒவ்வொரு முறை எடுத்து முடித்ததும், திரும்ப அடுக்குவதற்காக, மேலிருந்து எடுத்த படம் ஒன்று எப்போதும் உதவியாளர் கையில் இருந்தது.

கூடத்தின் தரை பளபளக்கும் ஓடு. சாம்பல் நிறம் பூசிய ஹார்ட்போர்டைப் பழைய கம்பளத்தின்மேல் விரித்தார்கள். கம்பளம் இல்லாவிட்டால் நடக்கும்போது பெட்டிமேல் நடப்பதுபோல ஒலிக்கும். சிமென்ட் தரையில் வாழும் ஒருவரின் காலடியாக அது இருக்காது. கட்டிலின் கால்தடங்களை இந்தப் பலகையில் தேய்த்து எடுப்பது எளிதாக முடிந்தது. செட்டுக்குப் பின்னால் கனத்த போர்வைகள் தொங்கின. ஒவ்வொரு நாளும் படப்பிடிப்பு முடியுமுன், எல்லாரும் அசையாமல் நிற்க, அறையின் வெறுமையான ஒலி ஒரு நிமிடம் பதிவுசெய்யப்பட்டது, மாடிப்படியிலும் அப்படியே. எடிட்டிங்கில் இரண்டு இடங்களின் ஒலியை ஒன்றாக்க இது கட்டாயம் தேவைப்பட்டது.

இடத்தை ஒப்படைத்தல்

மாடிப்படிக்கான அனுமதிக் கடிதத்தில் நாளும் நேரமும் மட்டுமின்றி, எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது, எந்த மின்னிணைப்பைப் பயன்படுத்தலாம் என்பனவும் எழுதப்பட்டிருந்தன. 230 வோல்ட் இணைப்பில் 2000 வாட் விளக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒரே வீட்டின் இணைப்பில் அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று குழுவே தனக்கு வரம்பு வைத்துக்கொண்டு, அங்கே எல்இடி விளக்குகளை மட்டும் கொண்டுபோயிற்று. கையெழுத்திட்டவர் கட்டடத்தின் உரிமையாளர். ஆனால் அந்தப் படியில் ஏறி இறங்குபவர்கள் மற்றக் குடியிருப்பாளர்கள். அவர்களிடம் தனித்தனியே போய்ச் சொன்னதும், ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் படியைக் காலியாக விட்டதும்தான் அந்த மாலையைச் சிக்கலின்றி நகர்த்தியது. வந்ததும் எடுத்த புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒட்டுநாடா உரித்த ஓரிடத்தில் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்குமுன் குழுவே உரிமையாளருக்குக் காட்டி, மறுநாள் பூசிக் கொடுத்தது.

செட் பிரிக்கப்பட்டபோது போல்ட் போட்டு இணைத்த பலகைகள் முழுதாகக் கிடைத்தன. ஆணி அடித்தவை விளிம்பு சிதைந்து போயின. நல்ல பலகைகளின் பின்புறத்தில் அளவு, எந்தச் சுவரின் எத்தனையாவது துண்டு, மேலே பூசிய பெயின்டின் வகை ஆகியவற்றை எழுதிக் கூடத்தின் கிடங்கில் சேர்த்தார்கள். வெளிறாத நீள்சதுரம் உள்ள பலகையை மட்டும் மேலே பூசாமல் வைத்திருக்கிறார்கள். கூடுதல் ஷாட் எடுக்க நேர்ந்தால், இருபது ஆண்டுகளை மறுபடி ஏற்ற வேண்டியிருக்காது.